ஒற்றைக் கையுறைக்காரர் செய்த கூரை

வாசகரே, அனுமதி கேளாமலே உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன், பொறுத்தருள்க. காலை வேளையில் சிராங்கூன் சாலைப் பக்கம் நீங்கள் எப்போதாவது நடந்திருந்தால், வாழையிலைக் கட்டுகளைச் சுமந்து நிற்கும் வான்நீல நிறப் பழைய பிக்கப் வண்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வண்டியைப் பார்த்தீர்கள். இலையைப் பார்த்தீர்கள். வண்டிக்கு உரிமையாளரான அம்மையார், பின்னால் ஹாரன் அடிக்கும் டாக்சிக்காரருக்கு வழங்கும் விளக்கவுரையையும் கேட்டிருப்பீர்கள். ஆனால், அந்த வண்டியின் கூரையை நீங்கள் பார்க்கவில்லை. அடித்துச் சொல்வேன், பார்க்கவில்லை. எவர் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அந்தக் கூரையின் முழுப் பெருமை.

அதைச் செய்தவரைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: கிழக்கே சாங்கி முதல் மேற்கே துவாஸ் வரை இத்தீவில் வளைவாக எது இருந்தாலும், அதை ஒருமுறையாவது தடவிப் பார்க்காமல் அவர் விட்டதில்லை.

அவருக்குக் கடவுச்சீட்டில் ஒரு பெயர் உண்டு. ஆனால், புக்கிட் மேராவில் அவர் வேலை பார்க்கும் வாகனப் பட்டறையில் அதைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அங்கே அவர் ‘ஒத்தக் கிளவுஸ்’. எனக்குக் கிளவுஸ் அண்ணன். தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கட்டும் தளத்துக்கு வந்து, கப்பலுக்குத் தகடு வளைத்து, பிறகு கார்களுக்கு மாறியவர். வலக்கையில் மரச்சுத்தியல் இருக்கும். இடக்கையில் எந்நேரமும் ஒரு வெள்ளைப் பருத்திக் கையுறை இருக்கும்.

“ஏன் அண்ணே, ஒரு கையில மட்டும்?” என்று முதல் நாளே கேட்டேன்.

“வெறுங்கை தகட்டுல ஒட்டும் தம்பி. துணி வழுக்கும். வழுக்குறப்பதான் மேடு பள்ளம் தெரியும். கண்ண நம்பக் கூடாது. அது பெயின்ட்டப் பாத்து மயங்கிரும்.”

ஆகவே அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். தகட்டை மட்டுமா? காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் மேசையை ஒரு தடவு தடவி, “இடப்பக்கம் இறக்கம், டம்ளர இந்தப் பக்கம் நகத்துங்க” என்பார். நகர்த்தாதவர் மடியில் சூடான பால் தேநீரான தே தாரிக் வந்து சேரும். லிட்டில் இந்தியாவில் ஒரு தோசைக் கடையில், பரிமாறப்பட்ட தோசையின் மீது கையுறையை ஓட்டிவிட்டு, “மாஸ்டர், உங்க கல்லுல நடுவுல ஒரு மேடு இருக்கு” என்று உள்ளே குரல் கொடுத்தார். நான் நாற்காலியோடு பின்வாங்கினேன். கரண்டியோடு வெளியே வந்த தோசை மாஸ்டரோ, “ஆறு மாசமா சொல்றேண்ணே, ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்!” என்று அவர் கையைப் பற்றிக்கொண்டார். சூடான கல்லில் தண்ணீர் தெளித்தால் இரும்புக்கு என்ன ஆகும் என்பது பற்றி இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். என் தோசை ஆறியது. அதில் கையுறையின் தடம் பதிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலையோரம் பளபளவென்று நின்ற விலையுயர்ந்த கார் ஒன்றின் கதவை அவர் கண்மூடித் தடவிக்கொண்டிருந்தபோது, அதன் உரிமையாளர் ஓடிவந்தார்.

“ஹலோ! என்ன செய்றீங்க? கைய எடுங்க முதல்ல!”

“ஒரு நிமிஷம் சார்.” கண் திறக்கவில்லை. “செகண்ட் ஹேண்டா வாங்குனீங்களா?”

“ஆமா. அதுக்கு என்ன இப்ப? ஆக்சிடன்ட் ஆகாத கார்.”

“யாரு சொன்னா?”

“டீலர் சொன்னான்.”

“இந்த இடத்துல கைய வைங்க. மெதுவா. ம்ம், இப்ப கீழ வாங்க. ஒரு சோத்துத் தட்டு அளவுக்குத் தெரியுதா? அது தகடு இல்ல சார், பட்டி. பள்ளத்துல பட்டியப் பூசித் தேச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்கான்.”

சண்டைக்கு வந்த மனிதரின் கோபம் மெல்ல மெல்ல வேறு திசைக்குத் திரும்பியது. அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அவர், “அண்ணே, நீங்களும் கார்ல ஏறுங்க. அந்த டீலர் முன்னாடி இதையே ஒருக்கா தடவிக் காட்டுங்க, ப்ளீஸ்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பட்டறை முதலாளி ஒரு சீனர். எல்லாருக்கும் அவர் தவுக்கே. தமிழ்த் தொழிலாளர்களோடு பல்லாண்டு பழகி அவர் கற்ற தமிழில் பாதி வினைச்சொற்கள் கட்டளைகளே. ஒரு மதியம் அவர் உணவுக்குப் பின் கண்ணயர்ந்திருக்க, அவருடைய வழுக்கைத் தலைமீது கையுறை மெல்ல ஊர்ந்தது.

“பாஸ், பின்பக்கம் சின்னதா ஒரு பள்ளம் இருக்கு.”

“ஆயோ! சின்னப் புள்ளையில சைக்கிள் விழுந்தது லா! நீ எப்படித் தெரியும்? போ லா, வேலை பார்!”

இத்தகைய மனிதரிடம் எங்கள் வண்டி வந்து சேர்ந்த கதைக்கு வருகிறேன்.

என் அம்மா உணவகங்களுக்கு வாழையிலை வழங்குபவர். அந்த நீல பிக்கப், அவர் தம் உழைப்பில் முதன்முதலாகத் தமக்கென்று வாங்கிய பொருள். வாங்கும்போதே அது கிழவண்டி. “வேன் வாங்கும்மா, ஏர்கான் இருக்கும்” என்று நான் சொல்லும்போதெல்லாம், “ஏர்கான் இலைக்கு வேணும்னா சொல்லட்டும், வாங்குறேன்” என்று முடித்துவிடுவார். சென்ற ஆண்டு புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடியின் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அம்மா இலை கொடுக்க மேலே சென்றிருந்தபோது, காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, பெரிய மரக்கிளை ஒன்று ஓட்டுநர் பக்கக் கூரையில் விழுந்தது. கூரையின் வலப்பாதி இருக்கை வரை இறங்கிவிட்டது. அம்மா திரும்பி வந்து பார்த்தார். அழவில்லை. கிளையைப் பார்த்து, “வேற இடமே கெடைக்கலையா உனக்கு?” என்று மட்டும் கேட்டார்.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் மூன்று வாரத்தில் வந்தது. அதற்குள் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் பதிவு காலாவதியாகும். அதன்பின் அந்த வண்டி போகக்கூடிய ஒரே இடம் இரும்புக் கிடங்கு.

தவுக்கே சுற்றிவந்து பார்த்தார். “கண்ணாடி ஜொகூர்ல இருக்கு, நான் தேடு. கூரை எங்கேயும் இல்லை லா. அம்மா, இது செத்துப் போச்சு. ஸ்கிராப் போடு.”

அம்மாவின் உதடுகள் இறுகின. அப்போது ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளவுஸ் அண்ணன் ஏறினார். கண்களை மூடினார். நசுங்கிய பாகம், நசுங்காத பாகம், தூண்கள், கதவுகள் என்று கையுறை நிதானமாக நடந்தது.

“சாகலக்கா. பயந்து போயிருக்கு, அவ்வளவுதான். புதுக் கூரைய நானே தட்டிச் செஞ்சிருவேன்” என்றார். பிறகு தமக்குத்தாமே பேசுவது போல, “வலப்பக்கம் வேற மாதிரி இருக்கு” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், சாட்சியே. நான் குறித்துவைக்கவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் இருந்த என்னை, வேலை நடக்கிறதா என்று பார்த்துவர அம்மா அனுப்பினார். நான் பள்ளிப் பருவம் முதல் மேடைகளில் வாதிடுபவன். பெற்ற கோப்பைகள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் அம்மா கறிவேப்பிலை வைத்திருக்கிறார். பேச்சே என் தொழிற்கருவி. கிளவுஸ் அண்ணனோ பட்டறையில் பேச்சைத் தடைசெய்தவர். தட்டையான தகட்டை மணல் மூட்டைமீது வைத்து மரச்சுத்தியலால் தட்டுவார். பிறகு மேலும் கீழுமாகப் பொருத்திய இரண்டு உருளைகளுக்கு நடுவே அதை முன்னும் பின்னும் ஓட்டுவார். தட்டையாக நுழைந்த தகடு, கொஞ்சம் கொஞ்சமாக முதுகை வளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்நேரம் எவரும் வாய் திறக்கலாகாது. தகட்டின் ஓசையை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

“தம்பி, நீங்க பேசுனா தகடு குழம்புது.”

“நான் தொலைபேசியில்தானே பேசினேன் அண்ணே, அதுவும் வெளியே நின்று?”

“எங்க நின்னாலும் உங்க குரலு மேடைக்குப் பேசுற குரலு. தகடும் கேக்கும்ல?”

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் தேநீர் வேளையில், தகடு ஓய்ந்திருந்த நேரம் பார்த்து எழுந்தேன். கூரையின் இடமும் வலமும் ஒன்றுபோல் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று வினவினேன்.

“கை சொல்லும் தம்பி.”

இதைவிட வசதியான பந்து எந்த எதிரணியும் எனக்கு வீசியதில்லை. மூன்று கருத்துகளை முன்வைத்தேன். ஒன்று, கை என்பது தனிமனித அனுபவம். அதைப் பிறர் சரிபார்க்க இயலாது. இரண்டு, காலக்கெடு நெருங்கும்போது ஊகத்துக்கு இடமில்லை. மூன்று, கிளை வலப்பக்கத்தில்தான் விழுந்தது. இடப்பக்கம் பழுதின்றி இருக்கிறது. அதன் வளைவை அட்டையில் வெட்டி எடுத்து, அப்படியே திருப்பிப் பிடித்தால் வலப்பக்கத்தின் வடிவம் கையில் கிடைக்கிறது. அதுவே சான்று, அதுவே அறிவியல். பட்டறையே பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி மெய்மறந்து கேட்டது. பிஸ்கட் கரைந்து விழுந்ததைக்கூட ஒருவர் கவனிக்கவில்லை.

“கிளவுஸ், நீ பேசு லா. ஒரு நிமிஷம்” என்றார் நடுவராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்ட தவுக்கே.

கிளவுஸ் அண்ணன் எழுந்தார். எங்கள் வண்டியைப் பார்த்தார். “அது… வலப்பக்கம்…” என்று தொடங்கி, கையுறைக் கையைக் காற்றில் ஒருமுறை வளைத்துக் காட்டினார். “எனக்குப் பேச வராது தம்பி” என்று உட்கார்ந்துவிட்டார்.

“லாயர் ஜெயிச்சான்!” என்றார் தவுக்கே. கை தட்டினார்கள். தலை வணங்கினேன். கிளவுஸ் அண்ணன் கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய இடக்கையை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். வெயில் படாத அந்தக் கை, வேறொருவருடையதைப் போல வெளுத்திருந்தது.

அடுத்த இரண்டு வாரம் அட்டைதான் ஆட்சி செய்தது. அவர் தட்டுவார், நான் அட்டையை வைத்துப் பார்ப்பேன். முடி நுழையும் இடைவெளிகூடத் தெரியாத வரை அவர் திருத்துவார். ஒரு சொல் முணுமுணுக்கவில்லை. வேலையில் குறைவைத்து என்னைத் தோற்கடிக்கும் எண்ணம் அவருக்கு எழவே இல்லை என்பதை, இன்று நினைத்தாலும் வியப்போடு பதிவுசெய்கிறேன்.

பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கையில் கூரையைப் பொருத்தினார்கள். அம்மாவும் வந்திருந்தார். நால்வர் தூக்கி மேலே வைத்தார்கள். இடப்பக்கம், சம்புடத்துக்கு மூடி போட்டாற்போல உட்கார்ந்தது. வலப்பக்கம் உட்காரவே இல்லை. தூணுக்கும் கூரைக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. பற்றவைக்க முடியாது. கதவுக்கு மேலே வானம் தெரிந்தது.

நான் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். மிகச் சரியாக இருந்தது. மறுபடி வைத்தேன். அப்போதும் மிகச் சரியாக இருந்தது. பட்டறை முழுவதும் என்னைப் பார்த்தது.

கிளவுஸ் அண்ணன் சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். கண்மூடி வலப்பக்கத் தூணையும் கதவின் மேல்விளிம்பையும் தொட்டார்.

“இந்த வண்டி பொறக்கும்போதே வலது தோளு கொஞ்சம் இறக்கம் தம்பி. அந்தக் காலத்து வண்டி, பாக்டரியிலயே அப்படித்தான் வந்திருக்கு. உங்க அட்டை பொய் சொல்லல. அது இடப்பக்கத்தப் பத்தி மட்டும்தான் சொல்லுச்சு.”

“அப்படின்னா, அண்ணே, முன்னாடியே ஏன் சொல்லல?”

“சொன்னேனே. நீங்க அதுக்கு மூணு பாயின்ட் சொன்னீங்க.”

பட்டறையில் எவரோ சிரிப்பை அடக்க முயன்று இருமினார். அம்மா, “அட, ஆமா!” என்றார். “மழை பெஞ்சு விட்டப்புறம் கதவத் தொறந்தா, கூரைத் தண்ணி எப்பவும் என் வலது தோள்லதான் சொட்டும். இடப்பக்கம் ஒரு சொட்டு விழாது. இருவது வருஷமா அப்படித்தான்.”

“அம்மா! இதை ஏம்மா நீ என்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ எங்கடா கேட்ட? அட்டையத்தானே கேட்ட?”

வழக்கின் முதன்மைச் சாட்சி, என் வீட்டுச் சமையலறையிலேயே இருபது ஆண்டுகள் இருந்திருக்கிறார். நான் அழைக்கவே இல்லை.

“நாலு நாள்ல முடியுமா தம்பி?” என்று அம்மா கிளவுஸ் அண்ணனைக் கேட்டார். “பட்டியக் கிட்டியப் பூசியாவது…”

“பட்டியா! என் கையாலயா! அக்கா, பட்டி பூசுறதும் பொய் சொல்றதும் ஒண்ணு. நீங்க போய் இலைய விநியோகம் பண்ணுங்க. தம்பி மட்டும் இருக்கட்டும்.” என் பக்கம் திரும்பினார். “வாய மட்டும் வீட்டுல வெச்சிட்டு வந்துருங்க.”

மூன்று பகல்கள் நான் பேசவில்லை. இதற்கு என் கல்லூரி நண்பர்கள் எவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள்; நம்பவே மாட்டார்கள். அவர் வலப்பாதியின் விளிம்பைச் சூடேற்றி, ஈரத்துணியால் அழுத்தி, தகட்டைச் சுருங்கச் செய்தார். மறுபடி உருளையில் ஓட்டினார். தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, இரண்டாம் நாள் பிற்பகலில் ஒன்று புலப்பட்டது. வளைவு சரியாக வராத இடத்தில் தகடு கலகலவென்றது. சரியாக வந்த இடத்தில் ஓசை அடங்கி, ஒரே சுரமாக நின்றது. ‘கேட்கிறது அண்ணே!’ என்று கத்த வாயெடுத்து, கடைசி நொடியில் விழுங்கினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எந்த நடுவரின் மதிப்பெண்ணுக்கும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

நான்காம் நாள் காலையில் கூரை இரு தோள்களிலும் உட்கார்ந்தது. தட்ட வேண்டியிருக்கவில்லை, அழுத்த வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பியவரைப் போல உட்கார்ந்தது. பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து முடித்தபோது, பழைய தகடு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று தவுக்கேயால்கூடக் காட்ட முடியவில்லை. கிளவுஸ் அண்ணன் கையுறையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார்.

“கண்ண மூடிட்டுப் பாருங்கக்கா.”

அம்மா பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணைத் திறக்காமலே, “சரியா இருக்கு தம்பி” என்றார்.

மறுநாள் பரிசோதனை நிலையத்தில் அதிகாரி சுற்றிவந்து, விளக்கடித்து, கூரையைத் தட்டிப் பார்த்தார். “பழைய வண்டிக்குக் கூரை நல்லா இருக்கே. ஒரிஜினலா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். அம்மா முந்திக்கொண்டார். “நோ சார். அவர் செஞ்சது. கையால!” என்று, தம் ஆங்கிலத்தையும் தமிழையும் சேர்த்து, கிளவுஸ் அண்ணனைச் சுட்டினார். அதிகாரி விளக்கை அணைத்தார். மறுபடி அருகில் வந்து, தம் உள்ளங்கையைக் கூரைமீது வைத்து நகர்த்தினார். பக்கத்து வரிசையிலிருந்த இன்னொருவரையும் அழைத்தார். சற்று நேரத்தில் நால்வர் நின்று எங்கள் கூரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கிளவுஸ் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தமக்கும் அதற்கும் தொடர்பில்லாதவர் போல உச்சியிலிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

வண்டி தேறியது.

பட்டறைக்குத் திரும்பியதும் நல்ல மழை பிடித்தது. எல்லாரும் ஒதுங்கி நின்று தேநீர் குடித்தோம். மழை விட்டதும் இலை கொடுக்க நேரமாகிவிட்டதென்று அம்மா போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். கூரை விளிம்பில் தேங்கியிருந்த நீர் ஓடிவந்து, ஒரு கணம் நின்று, அம்மாவின் வலது தோளில் சொட்டென்று விழுந்தது.

அம்மா நனைந்த தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “என் வண்டிதான்!” என்று சிரித்தார். கிளையைத் திட்டிய நாளிலிருந்து அம்மா சிரித்து நான் பார்ப்பது அதுவே முதன்முறை.

நான் எழுந்து நின்றேன். முந்தைய இரவே எழுதி மனப்பாடம் செய்த நன்றியுரை ஒன்று என்னிடம் இருந்தது.

“ஆயோ, லாயர் மறுபடி பேசுறான்!” என்றார் தவுக்கே.

“பேசட்டும் பாஸ்” என்றார் கிளவுஸ் அண்ணன். “இப்பத்தான் தகடு எதுவும் ஓடலையே.”

‘அவையோர்க்கு வணக்கம்’ என்று தொடங்க வேண்டும். தொடங்க வரவில்லை. எத்தனையோ மேடைகளில் என்னைக் கைவிடாத தமிழ், ஒரு வெள்ளைக் கையுறையின் முன்னால் வீட்டுப் பேச்சாக மாறிப்போனது. பட்டறை முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

“அண்ணே, நீங்க செஞ்ச இந்தக் கூரைக்குக் கீழ உக்காந்து இனிமே நான் யார்கூடவும் வாதாட மாட்டேண்ணே.”